செவிலியரின் பணி ஈடுபாட்டை அளக்கும் வினாப்பட்டியல்: இராமநாதபுரம் கடலோரத்தில் அதன் ஏற்புடைமையைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரையிலும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும் உள்ள மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் செவிலியருக்கு ஆய்வுப் படிவங்கள் புதியவை அல்ல. எம்.எஸ்சி. நர்சிங் மாணவியர் ஆய்வேட்டுக்காகக் கொண்டுவரும் படிவங்களில் பணி ஈடுபாடு பற்றியவை இப்போது அதிகம் தென்படுகின்றன. படிவத்தைக் கொடுப்பவருக்கும் அதை நிரப்புபவருக்கும் எழும் ஐயங்கள் வேறு வேறானவை என்றாலும், ஒருவருடைய ஐயத்துக்கான பதில் மற்றவருக்கும் தெரிந்திருப்பது நல்லது என்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் தந்திருக்கிறோம்.

பணி ஈடுபாடு என்று ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள்?

வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-இல், ஒரு மனிதர் தன் உடலையும் அறிவையும் உணர்வையும் வேலைக்குள் எந்த அளவுக்குக் கொண்டுவருகிறார் என்ற கோணத்தில் இதைப் பற்றி எழுதினார். கோடைமுகாம் பணியாளர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் இருந்தவர்களையும் கவனித்து எழுதியது அது; செவிலியர் அதில் இல்லை. பிறகு 2002-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மர் ஷாஃபெலியும் அவருடன் பணியாற்றியவர்களும், துடிப்பு, அர்ப்பணிப்பு, ஆழ்ந்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த, வேலையோடு ஒட்டிய நிறைவான மனநிலை என்று அதை வரையறுத்தார்கள். அது ஒரு நாள் இருந்து மறுநாள் மறையும் மகிழ்ச்சியைக் குறிப்பதல்ல, ஓரளவு நீடித்து நிற்கும் நிலையைக் குறிப்பது. கடமை உணர்வு, பொறுமை, மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல் ஆகியவை இந்த வரையறைக்குள் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நம் மருத்துவமனைகளில் இவற்றையெல்லாம் ஈடுபாடு என்றே எண்ணும் பழக்கம் இருப்பதால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த வினாப்பட்டியலைப் பற்றிப் பேசுகிறோம்?

மிகப் பரவலாகப் பயன்படுவது உட்ரெக்ட் பணி ஈடுபாட்டு அளவுகோல். 2002-இல் வந்த வடிவத்தில் 17 கூற்றுகள் உண்டு: துடிப்புக்கு 6, அர்ப்பணிப்புக்கு 5, ஆழ்ந்திருத்தலுக்கு 6. 2006-இல் பகுதிக்கு மூன்றாக 9 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவம் வந்தது. 10 நாடுகளைச் சேர்ந்த 14,521 பேரின் விடைகளைக் கொண்டு அதை உருவாக்கினார்கள். அந்தப் பத்து நாடுகளில் இந்தியா இல்லை. பின்னர் 3 கூற்றுகளில் அடங்கும் இன்னும் சிறிய வடிவமும் வந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0, ‘எப்போதும், அதாவது தினமும்’ என்பதற்கு 6 என்று விடையளிக்க வேண்டும். இடையில் வருடத்துக்குச் சில முறை, மாதத்துக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று படிகள் உயர்ந்துகொண்டே போகும்.

இத்தனை நாடுகளில் சோதித்த அளவுகோலை இங்கே மறுபடி ஏன் சோதிக்க வேண்டும்?

இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியருக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. கருவி புத்தம் புதியதாகவும் சரியாக அளவு திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். பழுது கருவியிலும் இல்லை, நோயாளியிடமும் இல்லை. இந்தக் கைக்கு இந்தப் பட்டை பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஏற்புடைமை என்பதும் வினாப்பட்டியல் அச்சான தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் அல்ல. இன்னாரிடம், இன்ன மொழியில், இன்ன சூழலில் பெற்ற மதிப்பெண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருள் சரிதானா என்பதற்கான சான்றுகளின் தொகுப்புதான் அது. ஆகவே ‘இது ஏற்புடைமை நிறுவப்பட்ட கருவி’ என்று ஆய்வேட்டில் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோவது, யாரிடம் நிறுவப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதாகும்.

ஐந்து வல்லுநர்களிடம் சான்றிதழ் வாங்கிவிட்டோம். முன்னோட்ட ஆய்வில் ஆல்ஃபா 0.89 வந்துவிட்டது. இது போதாதா?

போதாது. நம் பக்கத்து ஆய்வேடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டோடு நின்றுவிடுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வல்லுநர் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருத்தமானது என்று வல்லுநர்கள் 1 முதல் 4 வரை மதிப்பிட, 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதத்தைக் கணக்கிடுவதே உள்ளடக்க ஏற்புடைமைக் குறியெண். ஆறு வல்லுநர்களில் ஐவர் பொருத்தம் என்றால் 0.83, நால்வர் மட்டும் என்றால் 0.67. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வல்லுநர்கள் இருக்கும்போது 0.78-க்குக் குறையக் கூடாது என்பதும், ஐந்து அல்லது அதற்குக் குறைவானவர்கள் என்றால் அனைவருமே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்புகள். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வழிகாட்டியின் தோழிகளான ஐந்து பேராசிரியர்களுக்குப் படிவம் போகிறது. தட்டச்சு செய்து வைத்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். கூற்றுவாரியான மதிப்பீடு எங்கும் காணக் கிடைப்பதில்லை. வல்லுநர் குழுவில், வார்டில் இன்றும் இரவுப் பணி பார்க்கிற செவிலியர் இருவராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பதினைந்து ஆண்டுகளாகக் கல்லூரியில் மட்டும் இருப்பவருக்கு ஓவர் கொடுக்கும் (அடுத்து வருபவரிடம் வார்டை ஒப்படைக்கும்) நேரத்துப் பதற்றம் மறந்துபோயிருக்கும்.

அடுத்தது கிரான்பாக் ஆல்ஃபா. இது நம்பகத்தன்மையின், அதிலும் உள்ளிசைவின், அதாவது கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. ஏற்புடைமையின் அளவு அல்ல. கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே அது கூடிவிடும். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்ற எண்) 0.5 என்று வைத்துக்கொண்டால், மூன்று கூற்றுகளுக்கு ஆல்ஃபா 0.75 வரும், அதே ஒட்டுறவோடு ஒன்பது கூற்றுகள் இருந்தால் 0.90 வரும். ஒட்டுறவு வெறும் 0.3 ஆக இருந்தாலும் ஒன்பது கூற்றுகளுக்கு 0.79 கிடைத்துவிடுகிறது, அதாவது வழக்கமாகக் கேட்கப்படும் 0.70-ஐத் தாண்டிவிடுகிறது. செவிலியர் எல்லோரும் பயந்துபோய் எல்லாக் கூற்றுக்கும் உயர்ந்த எண்ணையே குறித்தாலும், அந்தப் பயத்தில் ஆளுக்கு ஆள் ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை, ஆல்ஃபா உயரமாகவே நிற்கும். அப்போது அது இசைவோடு அளப்பது ஈடுபாட்டை அல்ல, அச்சத்தை. மேலும் பத்துப் பேரிடம் நடத்திய முன்னோட்டத்தில் கிடைத்த ஆல்ஃபாவின் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) மிக அகலமானது என்பதால், அந்த எண்ணை இரண்டு தசம இடங்களுக்குத் துல்லியமாக எழுதுவதில் பொருளில்லை.

படிவம் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்திலேயே கொடுக்கலாமா?

பட்டயமும் பட்டமும் ஆங்கிலத்தில் படித்தவர்கள் என்பதால் ஆங்கிலப் படிவமே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்தின் பெயரையும் கேஸ் ஷீட்டையும் ஆங்கிலத்தில் படிப்பது வேறு. தன் மனநிலையை ஆங்கிலத்தில் எடைபோடுவது வேறு. கிராம சுகாதாரச் செவிலியரையும் சேர்த்துக்கொள்ளும் ஆய்வு என்றால் தமிழ் வடிவம் கட்டாயம். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், ஒரு குழு அனைத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, இறுதியில் 30 முதல் 40 பேரிடம் கொடுத்துச் சோதிப்பது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. இரண்டு மொழிப் படிவங்களையும் கொடுத்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னால், யார் எதை எடுத்தார் என்பதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

எந்தக் கூற்றுகள் இங்கே இடறுகின்றன?

இதைப் புள்ளியியல் மென்பொருள் சொல்லாது. பத்துப் பதினைந்து செவிலியரிடம் ஒவ்வொரு கூற்றையும் படிக்கச் சொல்லி, ‘இதைப் படித்ததும் உங்கள் மனத்தில் என்ன ஓடியது, ஏன் இந்த எண்ணைக் குறித்தீர்கள்’ என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் வழி. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே கணக்குக்குப் போகிறவர்கள், தாங்கள் எதைக் கூட்டி வகுக்கிறோம் என்று தெரியாமலே கூட்டி வகுக்கிறார்கள்.

காலையில் எழும்போது வேலைக்குப் போகத் தோன்றுகிறது என்ற பொருளில் ஒரு கூற்று 17-லும் 9-லும் இருக்கிறது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் காலையில் எழுவதில்லை. வார்டை ஒப்படைத்துவிட்டு, பேருந்துக்குக் காத்திருந்து வீட்டுக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்போதுதான் படுக்கிறார். மாலையில் கண் விழிக்கும்போது அவருக்குத் தோன்றுவது சமையலும் துவைக்கப் போட்ட துணியும். அந்தக் கூற்றுக்கு அவர் 1 குறித்தால் அது ஈடுபாட்டுக் குறைவா, தூக்கக் குறைவா? கூற்றை மாற்றி எழுதாமல், படிவத்தின் தலைப்பில் ‘பணிக்குச் செல்ல வேண்டிய நாளில் தூங்கி எழும்போது என்று பொருள் கொள்க’ என்று ஒரு விளக்கம் சேர்ப்பது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அப்படிச் சேர்த்ததை ஆய்வறிக்கையில் மறைக்கக் கூடாது.

வேலை செய்யும்போது நேரம் பறக்கிறது என்ற கூற்று இன்னொன்று. ஆழ்ந்திருத்தலைக் காட்டுவதற்காக எழுதப்பட்டது இது. ஒரே செவிலியர் பணியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு ஒரு பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெல்லிமீன் தாக்கிய மீனவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரசவ அறையில் இருக்கும் தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாகி, 108-ஐக் கூப்பிட்டு, மாவட்டத் தலைமை இடத்துக்கு அனுப்பும் தாளை எழுதி முடிக்கும்போது விடிந்துவிடுகிறது. நேரம் பறந்தது உண்மைதான். அதைப் பறக்க வைத்தது ஆளில்லாமை. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கி.மீ.; அந்தத் தொலைவு முழுவதும் அவருடைய மனம் அந்த வண்டியோடுதான் ஓடியிருக்கும். 17 கூற்றுகள் கொண்ட வடிவத்தில், வேலையிலிருந்து மனத்தைப் பிரித்தெடுப்பது கடினம் என்ற கூற்றுக்கும் அவர் 6 குறிப்பார். அதுவும் ஆழ்ந்திருத்தலாகவே கணக்கில் சேரும்.

கிராம சுகாதாரச் செவிலியரின் நிலை வேறு. தனுஷ்கோடிப் பக்கம் குடிசைகளில் இருக்கும் மீனவக் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலை. அன்று மாலை கர்ப்பிணிகளின் விவரத்தைப் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் ஏற்றுவதும் அவருடைய வேலை. ‘என் வேலை எனக்கு உற்சாகம் தருகிறது’ என்றால் எந்த வேலை என்று அவர் திருப்பிக் கேட்பது நியாயமானது.

பெருமை பற்றிய கூற்றில் ஏறக்குறைய எல்லோரும் 6-ஐயே குறித்தால் அதையும் கவனிக்க வேண்டும். செவிலியர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லாதவர் அரிது. ஆனால் எல்லோரும் உச்சியில் நிற்கும் ஒரு கூற்றால் யாரையும் யாரிடமிருந்தும் வேறுபடுத்த முடியாது.

எத்தனை செவிலியர் வேண்டும்?

கூற்றுக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்குப்படி 17-க்கு 170, 9-க்கு 90. காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்தெந்தக் கூற்றுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து நிற்கின்றன என்று பார்க்கும் கணக்குக்கு) 200-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆராயும் பகுப்பாய்வையும் உறுதிப்படுத்தும் பகுப்பாய்வையும் ஒரே ஆட்களிடம் செய்யக் கூடாது என்பதால் இரண்டு தொகுதிகள் வேண்டும். இங்கே பெரிதும் மறக்கப்படுவது, ஒரே மருத்துவமனையில் இருப்பவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பது. ஒரு நிலையத்துக்கு 20 பேர் வீதம் 300 பேரை எடுத்து, நிலையத்துக்குள் ஒப்புமை வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும், வடிவமைப்பு விளைவு 1.95 ஆகிறது, அதாவது அந்த 300 பேர், தனித்தனியாகத் தெரிவு செய்யப்பட்ட சுமார் 154 பேருக்குத்தான் சமம். பெரிய மருத்துவமனை ஒன்றிலேயே எண்ணிக்கையை முடித்துக்கொள்ளும் வசதி இருந்தாலும், கரையோரத்துச் சிறிய நிலையங்களுக்கும் போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

காரணிப் பகுப்பாய்வில் மூன்று பகுதிகள் வர வேண்டுமா, ஒன்று வந்தாலும் சரியா?

கோட்பாடு மூன்று என்கிறது. பல நாடுகளில் அந்த மூன்றும் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக ஒட்டி நிற்பதும், ஒரே காரணி கொண்ட மாதிரியமைப்பும் ஏறக்குறைய அதே அளவு பொருந்துவதும் தெரிந்த செய்திகள். அளவுகோலை உருவாக்கியவர்களே 9 கூற்று வடிவத்துக்கு மொத்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனவே மூன்று வரவில்லை என்று மாணவியர் கலங்க வேண்டியதில்லை. மூன்று வந்தே தீர வேண்டும் என்று மென்பொருளை வளைப்பதுதான் தவறு.

மாதிரியமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்ட வழக்கமாகப் பார்க்கப்படும் பொருத்தக் குறியெண்களில் சி.எஃப்.ஐ. 0.95-க்கு அருகிலோ மேலோ, ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-க்கு அருகிலோ கீழோ, எஸ்.ஆர்.எம்.ஆர். 0.08-க்கு அருகிலோ கீழோ இருக்க வேண்டும் என்பது ஹூ, பென்ட்லர் இருவரும் 1999-இல் பரிந்துரைத்தது. இவற்றை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. மூன்று கூற்றுகள் மட்டுமே கொண்ட ஒரு பகுதியைத் தனியாகச் சோதித்தால் கட்டின்மைக் கூறுகள் சுழியாகிவிடும், அதாவது பொருத்தத்தைச் சோதிக்க மிச்சம் எதுவும் இருக்காது. அந்த மாதிரியமைப்பு எப்போதும் முழுமையாகப் பொருந்தும், ஆனால் அந்தப் பொருத்தம் எதையும் நிரூபிக்காது. காரணிச் சுமைகளையும், அதாவது ஒவ்வொரு கூற்றும் தன் பகுதியோடு எவ்வளவு வலுவாகச் சேர்கிறது என்ற எண்களையும், கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு பகுதியின் மூன்று சுமைகள் 0.8, 0.7, 0.6 என்று பார்க்க நன்றாகவே இருந்தாலும் அவற்றின் வர்க்கங்களின் சராசரி 0.497 தான், ஒருங்கு ஏற்புடைமைக்கு (ஒரு பகுதியின் கூற்றுகள் ஒன்றையே அளக்கின்றன என்பதற்கு) கேட்கப்படும் 0.50-ஐ அது தொடவில்லை. விடைகள் 0 முதல் 6 வரையிலான படிகள் என்பதாலும், பெரும்பாலும் மேல்பக்கமே குவிவதாலும், வரிசைத் தரவுகளுக்கு ஏற்ற மதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேறு எந்த அளவுகோல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

பணிச்சோர்வை அளக்கும் ஒன்று கட்டாயம் வேண்டும். 1981-இல் மாஸ்லாக்கும் ஜாக்சனும் வெளியிட்ட பட்டியல் இத்துறையில் மூத்தது. ஈடுபாடு அதனோடு எதிர்த்திசையில் ஒட்டுறவு காட்ட வேண்டும், ஆனால் அதன் தலைகீழ்ப் பிரதியாகவே இருந்துவிடக் கூடாது. மேற்பார்வையாளரின் ஆதரவு, தன் வேலையில் தானே முடிவெடுக்கும் இடம் ஆகிய பணி வளங்களோடு நேர்த்திசை ஒட்டுறவு எதிர்பார்க்கலாம். எந்த ஒட்டுறவு எந்தத் திசையில், எவ்வளவு வலுவாக வரும் என்று தரவு திரட்டும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கருதுகோள் எழுதுவது சோதனை ஆகாது.

வேலையை விட்டுப் போகும் எண்ணத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கும்போது மட்டும் இந்த ஊர் நிலவரத்தை நினைவில் கொள்ளுங்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களுக்கு வளைகுடா நாடுகள் அடுத்த தெரு. இன்றைய வேலையில் மனமொன்றிக் கிடக்கும் செவிலியரே, வீட்டுக் கடனையும் தங்கை திருமணத்தையும் முன்னிட்டு, இரவில் வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருப்பார். ‘இந்த மருத்துவமனையை விட்டுப் போக நினைக்கிறேன்’, ‘செவிலியர் தொழிலையே விட நினைக்கிறேன்’, ‘வெளிநாடு போக நினைக்கிறேன்’ ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியாக்கினால் ஒட்டுறவு சுருங்கிப்போகும். பழியோ வினாப்பட்டியலின் மேல் விழும்.

நிரந்தரப் பணியாளர், தொகுப்பூதியப் பணியாளர் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிடலாமா?

உடனே முடியாது. இரு குழுவினருக்கும் கூற்றுகள் ஒரே பொருளில், ஒரே அடித்தளத்தில் இயங்குகின்றனவா என்பதைப் படிப்படியாகச் சோதிக்க வேண்டும்: முதலில் காரணி அமைப்பு ஒன்றுதானா, அடுத்துச் சுமைகள் சமமா, அதற்கடுத்து வெட்டுத்துண்டுகள் (ஒரே அளவு ஈடுபாடு உள்ள இரு குழுவினரும் ஒரு கூற்றுக்கு ஒரே எண்ணிலிருந்து தொடங்குகிறார்களா என்பது) சமமா. ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. 0.01-க்கு மேல் சரியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம் என்பது 2002 முதல் பலரும் பின்பற்றும் வரம்பு. மூன்றாம் படியையும் கடந்தால்தான் சராசரிகளை ஒப்பிட உரிமை உண்டு. பணி நிரந்தரத்துக்காகக் காத்திருப்பவர், தான் எப்படி மதிப்பிடப்படுகிறோம் என்ற கவலையோடுதான் எந்தப் படிவத்தையும் தொடுகிறார். அவர் மதிப்பெண் உயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘தொகுப்பூதியமே ஈடுபாட்டைக் கூட்டுகிறது’ என்று யாராவது முடிவு கட்டினால் அதைவிடக் கொடுமையான பிழை வேறு இருக்காது. மொழிக்கும் பணி நேரத்துக்கும் இதே சோதனை பொருந்தும்.

மறுசோதனையை எப்போது வைப்பது?

மதிப்பெண் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க அதே ஆட்களிடம் அதே படிவத்தை மறுபடி கொடுப்பதே மறுசோதனை; அதை இரண்டு வாரம் கழித்து வைப்பது வழக்கம். அந்த இரண்டு வாரத்துக்குள் ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ வந்தால் ஒத்திப்போடுங்கள். அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெரியும் அந்த நாட்களில் வார்டின் ஓட்டமே மாறிவிடும். அக்டோபர் 30-ஐ ஒட்டிய பசும்பொன் குருபூஜை நாட்களுக்கும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாட்களுக்கும் இதே எச்சரிக்கை. உண்மையிலேயே மாறிய மனநிலையைக் கருவியின் நிலையின்மை என்று எழுதிவிடக் கூடாது.

நாங்கள் எழுதியதைக் கண்காணிப்பாளர் அம்மா பார்ப்பாரா?

பார்க்க வழியே இல்லாதபடி ஆய்வை அமைக்க வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எழுத்துப்பூர்வச் சம்மதமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி தேவை என்பது பலருக்கும் தெரியும். ஆனால் தாளில் சரியாக இருக்கும் இரகசியம் வார்டில் உடைந்துபோகும் விதம் வேறு. படிவக் கட்டைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்து, ‘சிஸ்டர், எல்லாரும் நிரப்பிட்டு இங்கேயே வெச்சிட்டுப் போங்க’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. கையெழுத்தைப் பார்த்தே இன்னார் என்று சொல்லக்கூடியவரின் மேசை அது. அங்கே வைக்கப்படும் படிவத்தில் 2 குறிக்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

படிவத்தை ஆய்வாளரே நேரில் கொடுத்து, உறையில் ஒட்டி, பூட்டிய பெட்டியில் போடச் சொல்வதே குறைந்தபட்ச முறை. சம்மதத் தாளில் கையெழுத்து இருக்கும் என்பதால் அதைத் தனிப் பெட்டியில் வாங்க வேண்டும். பெயர் கேட்காவிட்டாலும், வயது, பாலினம், பணி ஆண்டு, பணியிடம் நான்கையும் சேர்த்துக் கேட்டால் ஒரு சிறிய நிலையத்தின் ஒரே ஆண் செவிலியரை யார் வேண்டுமானாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். எனவே வயதையும் பணி ஆண்டையும் இடைவெளிகளாகவும், பணியிடத்தை வகையாகவும் மட்டும் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் சராசரியையும் அறிக்கையில் தனியே காட்டாதீர்கள். படிவத்தின் தலைப்பில் ‘பணி ஈடுபாடு’ என்று பெரிதாக அச்சிடவும் வேண்டாம். மூல அளவுகோலே வேலையும் நலமும் பற்றிய கணக்கெடுப்பு என்ற பொதுவான தலைப்போடுதான் வருகிறது.

நிரப்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மறுத்தால் எந்த விளைவும் இருக்கக் கூடாது. பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் 6 போட்டு முடித்துவிடுபவர்களை என்ன செய்வது?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, டிரிப்ஸ் மாற்றுவதற்கும் ஓவர் கொடுப்பதற்கும் இடையில் கிடைத்த நான்கு நிமிடத்தில், 6-க்கான கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாகப் பேனாவை இழுத்துவிடுகிறவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உட்ரெக்ட் அளவுகோலின் கூற்றுகள் அனைத்தும் நேர்மறையானவை என்பதால், இப்படி நிரப்பியவரையும் உண்மையாகவே 6 நிலையில் இருப்பவரையும் அந்தப் படிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எதிர்மறைக் கூற்றுகளை நாமே இடையில் செருகினால் அவை தனிக் காரணியாகத் திரண்டு புதுக் குழப்பத்தை உண்டாக்கும். கூடவே கொடுக்கும் பணிச்சோர்வுப் படிவத்திலும் ஒரே எண் வரிசையாக வந்திருந்தால் சந்தேகிக்கலாம். எதை எந்த விதிப்படி நீக்குவது என்பதை முன்பே தீர்மானித்து, நீக்கியும் நீக்காமலும் இரண்டு முறை கணக்கிட்டுக் காட்டுவது நேர்மையான வழி. பணி நேரத்துக்கு வெளியே கொடுப்பது அதைவிட நல்ல வழி.

என் மதிப்பெண் 4.2. இது நல்லதா? இதை வைத்து என்னை மதிப்பிடுவார்களா?

ஒப்பிட்டுச் சொல்லத் தமிழ்நாட்டுச் செவிலியரிடம் முறையாக நிறுவிய நெறி அளவுகள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை வேண்டும். நெதர்லாந்தின் அட்டவணையை எடுத்து உங்கள் மேல் வைத்து ‘நடுத்தரம்’ என்று சொல்வது தவறு. தனி ஆளை மதிப்பிடுவதற்கும் இது ஏற்றதல்ல. எடுத்துக்காட்டாக, ஒரு குழுவில் மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 1.2, நம்பகத்தன்மை 0.91 என்று கொண்டால், ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கும் அளவைக் காட்டும் அளவீட்டுத் திட்டப் பிழை 0.36 ஆகும், அப்போது உங்கள் 4.2 என்பது ஏறக்குறைய 3.5-க்கும் 4.9-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணை இடமாறுதலுக்கோ, பணி நீட்டிப்புக்கோ, விருதுக்கோ பயன்படுத்தினால் அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்; அதோடு அந்த வினாப்பட்டியலின் ஏற்புடைமையும் அந்த மருத்துவமனையில் போய்விடும்.

இதைப் பயன்படுத்தக் கட்டணம் உண்டா?

வணிக நோக்கம் இல்லாத கல்வி ஆய்வுக்குக் கட்டணமில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு உருவாக்கியவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

சோதனையில் ஒரு கூற்று தேறவில்லை என்றால் அதை நீக்கிவிடலாமா?

முதலில் ஏன் தேறவில்லை என்று நேர்காணல் குறிப்புகளில் தேடுங்கள். மொழிபெயர்ப்பால் என்றால் திருத்திப் புதிய ஆட்களிடம் மறுபடி சோதியுங்கள். பணி நேர முறையால் என்றால், இரவுப் பணியினரை விலக்கிவிட்டு ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தக் காரணமும் புலப்படாமல் சுமை மட்டும் குறைவாக இருந்தால், அந்தக் கூற்றோடும் அது இல்லாமலும் பெற்ற முடிவுகள் இரண்டையும் அறிக்கையில் வையுங்கள். ஒரு கூற்றை நீக்கிவிட்டால் மீதியின் மொத்த மதிப்பெண்ணைப் பிற நாட்டு ஆய்வுகளின் எண்ணோடு ஒப்பிட முடியாது. மூன்று கூற்றுகளே உள்ள பகுதியில் ஒன்றை இழந்தால் அந்தப் பகுதியைத் தனியே கணக்கிடுவதையும் விட்டுவிட வேண்டியிருக்கும். பொருந்தவில்லை என்ற முடிவும் ஒரு முடிவுதான் என்பதை வழிகாட்டிகள் ஏற்றுக்கொண்டால், கணினியின் முன் உட்கார்ந்து கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஆல்ஃபாவை ஏற்றும் வேலை மாணவியருக்கு இருக்காது.